வளைவில் வரும் சத்தம்

முதலில் சொன்னது வக்கீல்தான். கறுப்புக் கோட்டு வக்கீல் இல்லை, நான்காம் வகுப்புப் படிக்கும் பெண். எதைச் சொன்னாலும் குறுக்குக் கேள்வி போடுவதால் காரில் வரும் மற்றப் பிள்ளைகள் வைத்த பெயர் அது.

"அத்தை, திரும்புறப்பல்லாம் வண்டி டக்டக்குங்குது."

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான். இப்பகூட வந்துச்சே."

காரை ஓட்டியவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். ஆறு பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அவளைப் பிள்ளைகள் கார் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்திரண்டு வயது. இருபத்திரண்டு வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவள். மில் மூடிய வருஷமே பிடிவாதமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, எட்டுப் பேர் உட்காரும் பழைய வண்டி ஒன்றை வாங்கி, காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு மாலையில் கூட்டிவருகிற வேலையில் இறங்கினாள். நாலு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு நிறையவே உண்டு.

அடுத்த முனையில் ஜன்னலை இறக்கி, காற்று வரும் விசிறியை நிறுத்தி, மெதுவாகத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

"இப்ப வந்துச்சா?"

"வந்துச்சு" என்று ஆறு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தாள். இருந்தாலும் பள்ளிக்கூட வாசலில் அவர்களை இறக்கிவிட்டபின் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சக்கர மூடி நாலையும் கழற்றி, உள்ளே கல் எதுவும் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தாள். பின்னால் கிடந்த ஜாக்கியைத் துணியில் சுற்றிக் கட்டினாள். இருக்கைகளுக்கு அடியிலிருந்து இரண்டு தண்ணீர் பாட்டில், ஒரு ஒற்றைச் செருப்பு, உடைந்த அளவுகோல் எல்லாவற்றையும் வாரி வெளியே எடுத்தாள். மாலையில் பிள்ளைகள் ஏறினார்கள். முதல் முனையிலேயே வக்கீல் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"போகல அத்தை."

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். அவரும் அதே மில்லில் நூற்புப் பிரிவில் இருந்தவர். இருவரும் பேசினால் தெரு முழுக்கக் கேட்கும். அந்த வீட்டில் ரகசியம் என்று ஒன்று கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சிரிப்பார்கள். அவர் அவளோடு காரில் ஏறி, நாலு முனை சுற்றிவந்து, இறங்கினார்.

"எனக்கு ஒரு சத்தமும் கேக்கல. பசங்க உன்ன ஆட்டி வைக்குதுங்க. பேசாம படு."

அவர் சொன்னதில் அன்றைக்குத் தூக்கம் வந்தது. ஆனால் மறுநாள் முதல் பழைய மாதிரி ஓட்ட முடியவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் கண் சாலையை விட்டுக் கண்ணாடிக்குப் போனது. பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்களா, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்களா என்று தேடியது. திருப்பங்கள் குறைந்தால் பேச்சும் குறையும் என்று கணக்குப் போட்டு, கால்வாய்க் கரையோரம் நேராகப் போகும் சுற்றுவழியில் இரண்டு நாள் போனாள். இரண்டு நாளும் மணி அடித்த பிறகுதான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள். வாயிற்காவலர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை, ஆறு பேரில் இருவரான இரட்டைப் பிள்ளைகளின் அம்மாவும் காரில் ஏறினாள். வங்கி அதிகாரி. அவள் வண்டி பட்டறையில் இருந்ததால் அன்று ஒரு நாள் முன் இருக்கையில் வந்தாள். பெரிய சாலையில் இடப்பக்கம் திரும்பியதும் அவள் தலையைச் சாய்த்து முன் சக்கரத்தின் பக்கம் பார்த்தாள்.

"இந்தச் சத்தம் எத்தனை நாளா வருது? யார்கிட்டயாவது காட்டினீங்களா?"

கார் அத்தை வேகத்தைக் குறைத்தாள். "இன்னிக்குத்தான் காட்டப் போறேன்மா" என்றாள். பெரியவர்கள் விளையாட மாட்டார்கள்.

பட்டறை கார் அத்தையின் கொழுந்தனுடையது. கணவரின் தம்பி. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், தகரக் கூரை, உள்ளே இரண்டு வண்டி நிற்கும் இடம். அவள் போனபோது அவன் ஒரு வண்டிக்கு அடியில் கிடந்தான். கால்கள் மட்டும் தெரிந்தன. அடியிலிருந்தபடியே ஏதோ சொன்னான்.

"ஆமா, காலையிலேயே சாப்பிட்டுட்டேன்" என்றாள் அவள்.

அவன் பலகையோடு சறுக்கி வெளியே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். "அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர எடுத்துக் குடுங்கன்னு கேட்டேன் அண்ணி."

"அதத்தான் தேடிட்டிருந்தேன்" என்று சட்டென்று ஸ்பேனரை எடுத்து நீட்டினாள்.

விஷயத்தைச் சொன்னாள். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுபோனான். ஸ்டியரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடித்து, மெதுவாக வட்டம் போட்டான். பிறகு வலப்பக்கம் ஒடித்து இன்னொரு வட்டம்.

"கேக்குதா?"

"ம். கேக்குது."

"எந்தப் பக்கம் ஒடிக்கிறப்ப அதிகமா இருக்கு?"

இரண்டில் ஒன்றைத்தானே சொல்ல வேண்டும் என்று, "வலப்பக்கம்" என்றாள்.

அவன் இன்னும் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் பட்டறைக்குத் திரும்பினான். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, வலது சக்கரத்தைக் கழற்றினான். சக்கரத்துக்குப் பின்னால் உள்ள இரும்பெல்லாம் கறுப்புக் கிரீஸ் தெறித்து அப்பிக் கிடந்தது.

"இங்க பாருங்க அண்ணி. இஞ்சின்லேர்ந்து வர்ற சக்தி இந்தத் தண்டு வழியாத்தான் சக்கரத்துக்குப் போகுது. ஆக்சில். சக்கரம் சுத்தவும் செய்யணும், திரும்பவும் செய்யணும். அதுக்காக இந்த முனையில ஒரு மூட்டு. உள்ள இரும்புக் குண்டுங்க இருக்கு. மேல மடிப்பு மடிப்பா ரப்பர் உறை. அது கிழிஞ்சிருக்கு, தெரியுதா? கிரீஸ் வெளிய போயிடுச்சு, மண்ணு உள்ள போயிடுச்சு. குண்டு ஓடுற தடம் தேஞ்சு போச்சு. நேரா போறப்ப ஒண்ணும் தெரியாது. இடப்பக்கம் ஒடிச்சா பாரம் பூரா வலது மூட்டுல விழும். டக்டக்டக்."

இடப்பக்கம். அவன் அதை அழுத்திச் சொன்னானா, சாதாரணமாகச் சொன்னானா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அப்படியே ஓட்டினா என்ன ஆகும்?"

"ஒரு நாள் நடுரோட்டுல மூட்டு கழண்டுக்கும். இஞ்சின் ஓடும், வண்டி நகராது. பின்னால லாரி வந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

மூட்டை மாற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும் என்றான். அவன் போட்ட நாற்காலியில் அவளால் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். சுவரில் மாட்டியிருந்த பெல்ட்டுகளை எண்ணினாள், மறுபடி எண்ணினாள், வேறு எண் வந்தது. நடுவில் அவன் சுத்தியலால் பழைய மூட்டைத் தட்டிக் கழற்றினான். அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. கேட்டதும் ஒரு நிம்மதி. எனக்கென்ன குறை, எல்லாம் கேட்கத்தானே செய்கிறது?

புது மூட்டைப் போட்டு, கிரீஸ் நிரப்பி, ரப்பர் உறையை இறுக்கி, சக்கரத்தை மாட்டி, மறுபடி மைதானம். இடப்பக்கம் ஒரு வட்டம். வலப்பக்கம் ஒரு வட்டம். வண்டியை நிறுத்தினான்.

"இப்ப எப்படி அண்ணி?"

"சுத்தமா போயிடுச்சு. கை ராசிக்காரன்டா நீ."

அவன் இஞ்சினை அணைத்தான். இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேலேயே வைத்துக்கொண்டு, முகத்தை அவள் பக்கம் திருப்பினான். அவள் வாயைப் பார்ப்பாள் என்று தெரிந்து திருப்பியது போல் இருந்தது.

"போகல அண்ணி. இடப்பக்கம் ஒடிக்கிறப்ப போயிடுச்சு. வலப்பக்கம் ஒடிக்கிறப்ப இன்னும் வருது. இடது மூட்டும் தேஞ்சிருக்கு. இப்ப நல்லாவே வந்துச்சு."

அவள் முகம் சுண்டிப்போனது. "நான் கவனிக்கல. வேற யோசனையில இருந்தேன்."

"காலையிலயும் கேக்கல."

"என்னடா, எனக்குக் காது செவிடுங்கிறியா?"

"அப்படிச் சொல்லல. சில சத்தம் கேக்குது, சிலது கேக்கல. நீங்க எல்லாரோட வாயையும் பாத்துத்தான் பேசுறீங்க. எனக்கு வெகு நாளாவே தெரியும். அண்ணனும் அப்படித்தான். மில் ஆளுங்க இப்படித்தான்னு விட்டுட்டேன். நீங்க ஆறு பிள்ளைங்கள ஏத்திட்டுப் போறீங்கங்கிறத நான் யோசிக்கல. அது என் தப்பு."

அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. நாலு வருஷத்தில் ஒரு கீறல் உண்டா என்று கேட்டாள். மில்லில் ஆயிரம் நூற்கதிர் ஒரே நேரத்தில் சுற்றும்போது யார் பேசினால் யாருக்குக் கேட்கும், வாயைப் பார்த்துப் பேசுவது அங்கே எல்லோருக்கும் வந்த பழக்கம், அதைப் போய் நோய் என்கிறாயே என்றாள். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"பின்னால ஆம்புலன்ஸ் வந்தா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"கண்ணாடியில..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள்.

போன மாதம் பாலத்துக்கு முன்னால் நடந்தது. இரட்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் பின்பக்கம் கையை நீட்டி நீட்டி ஏதோ கத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "சண்டை போடாதீங்க" என்றாள். பிறகு கண்ணாடி முழுக்கச் சிவப்பு வெளிச்சம் சுழன்றது. அவள் பதறிப்போய் ஓரம் கட்டினாள். ஆம்புலன்ஸ் தாண்டிப் போகும்போது அதன் ஓட்டுநர் அவளைப் பார்த்த பார்வையை அன்றே மறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்து, மறந்தும் இருந்தாள்.

"இடது மூட்டு நாளைக்குத்தான் வரும். வண்டி இங்கயே இருக்கட்டும்" என்றான் கொழுந்தன். அது உண்மையா, சாக்கா என்று அவள் கேட்கவில்லை. வண்டி பழுது, பிள்ளைகளை நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள் என்று பெற்றோருக்குச் செய்தி அனுப்பிவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போனாள்.

காது பரிசோதனைக்குத் திங்கட்கிழமை போனாள். கணவரிடம் சொல்லவில்லை. கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் பெரிய ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தாள் பரிசோதகப் பெண். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். முதலில் இரண்டு மூன்று கேட்டன. பிறகு நீண்ட நேரம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பரிசோதகப் பெண்ணின் கை அசைவதைப் பார்த்தாள். கை அசைந்தபோதெல்லாம் அழுத்தினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது.

"அம்மா, கடைசி ஏழு தடவை நான் சத்தமே போடல. பேனாவத்தான் எடுத்து எடுத்து வச்சேன்."

கார் அத்தை பொத்தானை மடியில் வைத்தாள். பிடிபட்ட பிள்ளையைப் போலத் தலை குனிந்துகொண்டாள். அந்தப் பெண் திட்டவில்லை. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

முடிவு ஒரு தாளில் வந்தது. கனத்த சத்தங்களுக்குப் பெரிய பழுது இல்லை. மெல்லிய, கூர்மையான சத்தங்களில் பாதிக்கு மேல் இரண்டு காதிலும் போய்விட்டன. மில் இரைச்சல் தின்றது. திரும்ப வராது. காதில் கருவி வைத்தால் கேட்கும், வைத்துப் பழகி, டாக்டர் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தால் வண்டி ஓட்டலாம்.

கார் தயாராகிவிட்டது என்று கொழுந்தன் சொல்லி அனுப்பினான். பெற்றோரிடம் கார் பழுது, இன்னும் சில நாள் ஆகும் என்று சொல்லி அப்படியே பூசி மெழுகியிருக்கலாம். இரண்டு நாள் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பார்த்தாள். துடைத்த அலமாரியையே மறுபடி துடைத்தாள். மூன்றாம் நாள் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

வக்கீலின் வீட்டில் அப்பா பேசுவதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"அப்ப இத்தனை நாள் நாங்க சொன்னது எதுவும் உங்களுக்குக் கேக்கலையா?"

"மூஞ்சியப் பாத்தா புரிஞ்சிடும்மா."

"கடைசி சீட்டு? அங்க உக்காந்தா கண்ணாடியில தெரியாதே."

வக்கீலின் அப்பா, "நீங்க குணமாகி வாங்க, அதுவரைக்கும் நான் கொண்டு விடுறேன்" என்றார். குணமாகிற விஷயம் இல்லை என்று அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வங்கி அதிகாரி உட்காரச் சொல்லி, முழுவதும் பொறுமையாகக் கேட்டாள். நேரில் வந்து சொன்னதற்கு நன்றி என்றாள். பிறகு, "ஆனா என் பிள்ளைங்கள இனிமே அனுப்ப மாட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு தயவு கிடைக்கும் என்று கார் அத்தை உள்ளூர நினைத்திருந்தாள் போலிருக்கிறது. வெளியே வந்து படியிறங்கினாள். இரட்டையர் இரண்டு பேரும் மாடி ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். இன்னொரு வீட்டிலும் அதே பதில்தான், இவ்வளவு மரியாதையாக இல்லை. ஆறில் மூன்று போய், மூன்று மிஞ்சியது.

கருவி வைத்த முதல் வாரம் அவளுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. செய்தித்தாளை மடித்தால் காதுக்குள் சருகு நொறுங்கியது. சொந்தச் செருப்பே பின்னால் யாரோ வருவது போல் பயமுறுத்தியது. கணவர் காலையில் எழுந்து, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டபோது அவள் கையிலிருந்த பாத்திரம் நழுவிவிட்டது.

"ஏன் கத்துறீங்க?"

"நான் எங்க கத்துறேன்? எப்பவும் பேசுற மாதிரிதான் பேசுறேன்."

எப்போதும் இப்படித்தான் பேசியிருக்கிறார் என்பதும், தானும் அப்படித்தான் பதில் சொல்லியிருக்கிறோம் என்பதும் அப்போதுதான் உறைத்தது. எதிர்வீட்டுக்காரி சாப்பாட்டு வேளையில் ஜன்னலைச் சாத்துவது கொசுவுக்காக இல்லை.

மைதானத்தில் கொழுந்தன் பக்கத்தில் உட்கார, மறுபடி ஓட்டிப் பழகினாள். முதல் நாள் வலப்பக்கம் திரும்பப் போனவள் சட்டென்று பிரேக்கை மிதித்தாள்.

"வருதுடா. டக்டக்னு வருது. நீ சரியா மாத்தல."

அவன் காது கொடுத்துக் கேட்டான். பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகாட்டினான். "அது இண்டிகேட்டர் அண்ணி. விளக்கு போட்டா அப்படித்தான் சொல்லும். எல்லா வண்டியிலயும் சொல்லும்."

நாலு வருஷமாகத் தன் வண்டி தன்னிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. விளக்கை அணைத்து, போட்டு, அணைத்துப் பார்த்தாள்.

டாக்டர் சான்றிதழ் கொடுத்த மறு வாரம் மூன்று பிள்ளைகளோடு மறுபடி கிளம்பினாள். சாலை நிறைய ஹாரன், பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள், மேலே எங்கோ ஒரு பறவை, எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வந்தன. எதற்குத் திரும்புவது, எதை விடுவது என்று தெரியாமல் மெதுவாகவே ஓட்டினாள். கால்வாய்ப் பாலம் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல் கேட்டது. முதலில் வானொலியோ என்று நினைத்தாள்.

"அத்தை, ஜன்னல்."

கடைசி இருக்கையில் இருந்த ஒன்றாம் வகுப்புப் பையன். சொல்லிவிட்டு அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்து வைத்திருந்தான்.

"என்ன கண்ணா சொன்ன? ஜன்னல் திறக்கணுமா?"

பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பதில் சொன்னது வக்கீல்.

"அவனுக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கும் அத்தை. தினமும் கேப்பான். நீங்க திறக்க மாட்டீங்க. கண்டிப்பா இருக்கீங்கன்னு நினைச்சோம்."

பின் ஜன்னலின் பொத்தான் ஓட்டுநர் கதவில்தான் இருந்தது. அவள் ஓரம் கட்டி நிறுத்தி, கண்ணாடியை முழுக்க இறக்கினாள். காற்று அடித்துப் பையனின் முடி கலைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். ஆறு வயதுப் பிள்ளையிடம் எத்தனை நாளுக்கு என்று சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

அன்று பகல் முழுவதும் அவள் கால் ஓர் இடத்தில் பாவவில்லை. இன்னும் யார் யார் என்னென்ன கேட்டார்களோ? மில்லில் பக்கத்து இயந்திரக்காரி, சாகும் முன் தன் அம்மா, கல்யாணமாகிப் போன மகள் தொலைபேசியில் சில நேரம் குரலைத் தாழ்த்திச் சொன்னது. மகளைக் கூப்பிட்டாள். "என்னம்மா, இந்நேரத்துல?" என்றாள் மகள். "ஒண்ணுமில்ல, பேசு, ஏதாவது பேசு" என்றாள். மகள் புரியாமல் பேசினாள். அவள் கேட்டாள்.

காது பரிசோதனைக்குக் கணவரைச் சம்மதிக்கவைக்க மூன்று வாரம் ஆயிற்று. எனக்கென்ன, நான் வண்டியா ஓட்டுகிறேன் என்றார். உன் காதுக்கு வந்த வினைக்கு நான் ஏன் மெல்லப் பேச வேண்டும் என்றார். கடைசியில் அவள் ஒரு நாள் மகளின் குரலைச் சொன்னாள். இத்தனை வருஷம் நாம் கேட்டது அவள் குரலில் பாதிதான் என்றாள். அவர் மறுநாள் காலையில் தானே சட்டையைப் போட்டுக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார்.

அவரைக் கண்ணாடி அறைக்குள் அனுப்பிவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்தாள். கதவின் சின்னக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். பெரிய ஹெட்போனுக்குள் அவர் முகம் சுருங்கி, பரீட்சை எழுதுகிறவர் போல் இருந்தது. நீண்ட நேரம் அவர் எதையும் அழுத்தவில்லை. அவளைப் போலப் பொய்யாகக்கூட அழுத்தவில்லை. கேட்காததைக் கேட்கவில்லை என்றே விட்டுவிட்டு, சும்மா உட்கார்ந்திருந்தார்.

அவளுக்கு உள்ளே ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பரிசோதகப் பெண் விரலை உயர்த்திப் பொறுக்கச் சொன்னாள். கார் அத்தை நடைகூடத்தின் அந்த முனைவரை போய், திரும்பி, மறுபடி நடந்தாள்.